பாபுஷாவுக்கு ஃபிட்சோவ்ஸ்கி செய்தது நன்மையா, துரோகமா?

செங்கதிர்: வண்டிகளில் ஊர் ஊராக அலைந்த ரோமா என்னும் நாடோடி இனத்தைச் சேர்ந்த போலந்துக் கவிஞர் பாபுஷாவை (ப்ரோனிஸ்லாவா வாய்ஸ்) உலகறியச் செய்தவர் என்று போலந்து எழுத்தாளர் யெஷி ஃபிட்சோவ்ஸ்கியை இங்கே பலரும் புகழ்கிறீர்கள். 1949இல் காவல்துறைக்குத் தப்பி பாபுஷாவின் கூட்டத்தார் வண்டிகளில் அடைக்கலம் புகுந்தவர், அடைக்கலம் தந்தவர்களின் வழக்கங்களையும் சொற்களையும் 1953இல் நூலாக்கினார். வெளியிட வேண்டாமென்று பாபுஷா மன்றாடியும் பயனில்லை. இனத்தார் அவரைத் தீட்டுப்பட்டவர் என்று விலக்கிவைத்தனர்; அவர் கையெழுத்துப் படிகளை எரித்தார், பல மாதங்கள் மனநல மருத்துவமனையில் கிடந்தார்.

அமுதன்: பாபுஷாவை ஏமாற்றப்பட்ட குழந்தையாகக் காட்டுவதுதான் அவருக்கு இழைக்கும் அவமதிப்பு, நண்பரே. பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற சூழலில், கோழியைத் திருடிக்கொண்டுபோய்க் கொடுத்து, யூதக் கடைக்காரப் பெண்மணியிடம் எழுத்துக் கற்றவர் அவர். வோலின் காடுகளில் 1943, 44ஆம் ஆண்டுகளில் ஜெர்மானியப் படையினருக்கு அஞ்சிப் பசியோடும் பனியோடும் ஒளிந்திருந்ததை நெடும்பாடலாக்கியவரும் அவரே. ஃபிட்சோவ்ஸ்கி தூண்டி எழுத வைத்திராவிட்டால் அவை காற்றோடு போயிருக்கும்.

செங்கதிர்: எழுதச் சொன்னதில் குற்றமில்லை, பயன்படுத்திய விதத்தில்தான் குற்றம். 1950இல் 'ப்ராப்ளெமி' இதழில் அந்தப் பாடல்கள் கவிஞர் யூலியான் டுவிம் ஃபிட்சோவ்ஸ்கியிடம் கண்ட நேர்காணலோடு வெளிவந்தன. நாடோடி வாழ்வின் தீமைகளைப் பேசிய அப்பக்கங்களின் முடிவில் கம்யூனிஸ்டுகளின் சர்வதேசியப் பாட்டு, ரோமாக்களின் ரோமானி மொழியில்! காட்டுக்கும் வண்டிக்கும் ஏங்கிய பாடல்கள், அவற்றை ஒழிக்க முனைந்த அரசுக்குச் சாட்சியாகிவிட்டன. 1952இல் நாடோடி ரோமாக்களை ஓரிடத்தில் குடியமர்த்தும் அரசுத் தீர்மானம் வந்தபோது ரோமாக்கள் யாரைச் சந்தேகிப்பார்கள்?

தாமரை: இருவரும் அரசை மிக எளிதாக விட்டுவிடுகிறீர்கள். நூல் வந்திராவிட்டாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும். 1964இல் காவல்துறையைக் கொண்டே வண்டிப் பயணங்களை நிறுத்தினார்கள். அந்தக் கோபத்தை வார்சாவில் இருந்த அரசின் மீது காட்ட முடியாதவர்கள், கைக்கெட்டிய ஒரு பெண்ணின் மீது காட்டினார்கள். தீர்ப்பளித்த பெரியவர்களையும் கொஞ்சம் கேள்வி கேட்போமே.

செங்கதிர்: கேட்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பாபுஷா விலக்கப்பட்டதை நன்கறிந்த பிறகும், 1956இல் அவருடைய பாடல்களைத் தனி நூலாகக் கொண்டுவந்த மனிதரை எந்த அரசு கட்டாயப்படுத்தியது?

அமுதன்: 1962இல் எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகும் வாய்ப்பு அந்த நூலின் பின்னரே அவருக்குக் கிட்டியது, அறுபதுகளில் சில புதிய பாடல்களையும் எழுதினார். 1987இல் இறக்கும்வரை இனத்தார் அவரை ஏற்கவில்லை என்பது கொடுமைதான். ஆனால் 1956ஆம் ஆண்டு நூல் வராமலிருந்தால், அவரைப் பற்றி வாதாட நமக்கு எந்தப் பாடல் கிடைத்திருக்கும் என்பதற்குத் தாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.