ஸ்காட்லாந்து பிடில் கற்க எங்கிருந்து தொடங்குவது? தெரிந்தது கர்நாடக வயலின் மட்டும்

நாலாம்தந்தி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எடின்பரோவுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதமாகிறது. சின்ன வயதில் ஒன்பது வருடம் வயலின் படித்தேன். வர்ணம், கீர்த்தனை வரை வந்து, கல்லூரியில் சேர்ந்ததும் பெட்டியை மூடியவன்தான். இங்கே கிளம்பும்போது அம்மா வற்புறுத்திக் கையோடு கொடுத்து அனுப்பினார்.

போன வியாழன் இரவு ஃபாரஸ்ட் ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தேன். சாண்டி பெல்ஸ் என்ற பப்புக்குள் நான்கு பிடில், ஒரு புல்லாங்குழல், ஒரு கிதார். மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து தங்களுக்குள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் பக்கமே இரண்டு மணி நேரம் நின்றுவிட்டேன். ஒரு மெட்டு முடிகிற இடத்திலேயே மூச்சு விடாமல் அடுத்ததைப் பிடிக்கிறார்கள். யாரும் தாளைப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு வகை வந்தது. வேகம் குறைவு, ஆனால் நொண்டியடித்துக் குதிப்பதுபோல வெட்டி வெட்டி விழுகிறது. அது என்ன என்று தெரியவில்லை, இன்றுவரை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதை எப்படிக் கற்பது? எனக்கு இவர்களுடைய நொட்டேஷன் தெரியாது, ஸரிகமதான். அந்த மேசையில் நானும் போய் உட்காரலாமா?

மழைக்கோட்டு

தாராளமாக உட்காரலாம். பிடிலை எடுத்துக்கொண்டு நேரே போங்கள். இங்கே யாரும் யாரையும் விரட்டுவதில்லை. நொட்டேஷன் ஒரு மாதத்தில் வந்துவிடும். இணையத்தில் ஆயிரக்கணக்கான மெட்டுகள் எழுதிக் கிடக்கின்றன, பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.

தேநதிக்கரை

தம்பி, உங்கள் மண்டைக்குள் ஓடுவதன் பெயர் ஸ்ட்ராத்ஸ்பே. வடக்கே ஸ்பே என்றொரு ஆறு ஓடுகிறது, அதன் பள்ளத்தாக்கின் பெயர் அது. ரீல், ஜிக் என்ற நடன மெட்டுகள் அயர்லாந்திலும் உண்டு. ஸ்ட்ராத்ஸ்பே இந்த மண்ணில் பிறந்தது. ஒரு குறில், உடனே அதை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு நெடில். அந்த வெட்டை இங்கே ஸ்னாப் என்பார்கள். அதைக் கேட்டு நீங்கள் இரண்டு மணி நேரம் நின்றீர்கள் என்றால் சரியான இடத்தில்தான் மாட்டியிருக்கிறீர்கள்.

மழைக்கோட்டு சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். போங்கள், ஆனால் முதல் சில வாரம் பெட்டியைத் திறக்காமல் போங்கள். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள். ஸ்காட்லாந்தின் பெர்த் பக்கம் வந்து 19 வருடம் ஆகிறது, மருந்துக்கடையில் வேலை. நானும் ஊரில் வயலின் படித்தவள். நீங்கள் பப்பில் பார்த்ததுபோல் கூடி வாசிப்பதை இங்கே செஷன் என்பார்கள். முதல் முறை ஒரு செஷனுக்குப் போனபோது தெரியாத மெட்டுகளுக்கெல்லாம் கூடவே மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தேன். நம் கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் வயலின் நிழல்போல வருமே, அதே பழக்கம். ஒருவர் என் பக்கம் சாய்ந்து, தெரிந்த மெட்டு வரும்போது சேர்ந்துகொள்ளுங்கள் என்றார். அன்று காரில் உட்கார்ந்து அழுதேன். இப்போது யோசித்தால் அவர் சொன்னது நியாயம். அங்கே எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கிறார்கள். தேடிக்கொண்டு வரும் ஒரு பிடில், பக்கத்தில் இருப்பவரின் காதை மூடிவிடும்.

வாசிக்கத் தொடங்க நல்ல இடம், ஊருக்கு ஊர் இருக்கும் ஸ்ட்ராத்ஸ்பே அண்ட் ரீல் சொசைட்டிகள். உங்கள் எடின்பரோ சொசைட்டி 1881இல் தொடங்கியது. எங்கள் ஊரில் செவ்வாய் இரவு சர்ச் ஹாலில் கூடுவோம். இருபது பிடில், ஒரு செல்லோ, ஒரு பியானோ. பள்ளிக்கூடப் பெண்ணும் எண்பது வயதுக்காரரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். இடைவேளையில் தேநீரும் ஷார்ட்பிரெட்டும். இந்த இசை இன்றுவரை உயிரோடு இருப்பது அந்தத் தேநீர்க் கெட்டிலைச் சுற்றித்தான் என்று நான் மனதார நம்புகிறேன்.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். சுரமெல்லாம் எனக்குப் பிசகாமல் வந்தது. ஆனாலும் நான் வாசித்தால் ஸ்ட்ராத்ஸ்பே தொளதொளவென்று இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற ஒரு பால்பண்ணைக்காரர். ஒரு நாள் எல்லோரும் கிளம்பிய பிறகு, பிடிலைக் கீழே வை என்றார். எழுந்து நிற்கச் சொன்னார். அவர் வாயாலேயே மெட்டைப் பாட, ஹாலின் நீளத்துக்கும் என்னை ஆட வைத்தார். ஒரு அடி வை, காலைச் சேர், இன்னொரு அடி வை, நான்காவதற்கு அந்தக் காலிலேயே இலேசாக எழும்பி மற்றக் காலை முன்னால் கொண்டு வா. நாலைந்து தடவை போய்த் திரும்பியதும் மூச்சு வாங்கியது. இப்போது வாசி என்றார். அந்த எழும்பலுக்கு இடம் விட்டு என் வில் தானாகவே நின்று போயிற்று. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அதாவது, தம்பி, நமக்கு உயிர் இடது கையில், கமகத்தில். இவர்களுக்கு உயிர் வில் பிடித்த கையில். முதல் சுரத்துக்குக் கீழ்வில் (வில்லைக் கீழ்நோக்கி இழுப்பது), அடுத்த மூன்றையும் ஒரே மேல்வில்லில் அள்ளித் தள்ளுவது என்று ஒரு வகை உண்டு. நீல் கவ் என்ற பழைய பிடில்காரரின் மேல்வில்லுக்கு இருந்த வலுவை இன்றும் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். டன்கெல்ட் பக்கத்தில் இன்வர் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர், 1727இல் பிறந்து 1807இல் மறைந்தார். அத்தால் பிரபுவின் ஆதரவில் ஊர் ஊராக நடனங்களுக்கு வாசித்தவர். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1787இல் அவரை நேரில் பார்த்திருக்கிறார். பிற்காலத்தில் ஸ்ட்ராத்ஸ்பே அரசர் என்று பெயர் வாங்கிய ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927) நடன ஆசிரியராகவும் இருந்தவர். இருவருமே ஆடுகிற கால்களைப் பார்த்து வாசித்தவர்கள். ஸ்கின்னரின் பழைய ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. இரைச்சலைப் பொருட்படுத்தாமல் வில்லை மட்டும் கேளுங்கள்.

நொட்டேஷன் விஷயம். இவர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே மெட்டுகளை அச்சிட்டு விற்றவர்கள். கவ் குடும்பம் போட்டது, கார்டன் பிரபுவின் வீட்டில் வேலை பார்த்த வில்லியம் மார்ஷல் போட்டது என்று எத்தனையோ தொகுதிகள் இருக்கின்றன. அதனால் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், சொசைட்டியில் தேவைப்படும். ஆனால் தாளைப் பார்த்து முதல் மெட்டைக் கற்காதீர்கள். ஸ்னாப்பை எழுதலாம், எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை எழுத முடியாது. அபர்டீன்காரர் வெட்டுவது வேறு, எங்கள் பெர்த்ஷயர் வேறு.

கமகத்தைக் கொஞ்சம் கட்டிப்போட வேண்டியிருக்கும். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம். நீல் கவ் தன் இரண்டாம் மனைவி இறந்தபோது ஒரு புலம்பல் மெட்டு இயற்றினார். முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள், இவருக்கோ எண்பதை நெருங்கும் வயது. அதை முதலில் வாசித்தபோது ஒவ்வொரு சுரத்தையும் அசைத்து அசைத்து அழ வைத்தேன். அது அப்படி அழுகிற மெட்டே இல்லை. சுரத்தை நேராக நிறுத்தி, வில்லின் கனத்தை மட்டும் ஏற்றி இறக்கி வாசித்துப் பாருங்கள். தொண்டை அடைக்கும்.

நாலாம்தந்தி

அக்கா, இவ்வளவு எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. சொசைட்டிக்குப் போகிறேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. தரையில் சம்மணம் போட்டு, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்தே பழகியவன். நாற்காலியில் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. தந்திகளும் ஸபஸப சுருதியில்தான் இருக்கின்றன. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

லெர்விக்வாசி

ஸபஸப என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வடக்கே ஷெட்லாந்து தீவில் இருக்கிறேன். இங்கே பழைய ஆட்கள் சில மெட்டுகளுக்குத் தந்தியை ஏ, ஈ, ஏ, ஈ என்ற மேற்கத்திய சுரங்களுக்கு மாற்றிக் கட்டுவார்கள். யோசித்துப் பாருங்கள், அது ஸபஸபவேதான். வாசிக்கும் தந்திக்குப் பக்கத்துத் தந்தியும் கூடவே ரீங்காரமிட வேண்டும் என்பது இந்தத் தீவின் ருசி. நார்வேயின் வாடை அதில் உண்டு. பொதுவான மெட்டுகளுக்கு ஜி, டி, ஏ, ஈ என்று மாற்றத்தான் வேண்டும், ஆனால் உங்கள் காது இங்கே அந்நியமில்லை.

எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பிடில் சொல்லித்தர வழி செய்தவர் டாம் ஆண்டர்சன் (1910–1991). கிழவர்களின் வீடு வீடாகப் போய் மெட்டுகளைப் பதிவு செய்தவர். அவர் பிறந்த இஷனெஸ் பக்கம் ஆட்கள் குறைந்து வீடுகளில் விளக்கு இல்லாமல் போனதைப் பார்த்து 1969இல் ஒரு மெட்டு கட்டினார். அணைந்த விளக்கு என்று பொருள் வரும் பெயர். மறைந்த மனைவியின் நினைவும் அதில் சேர்ந்தது. அதற்கடுத்த சில வருடங்களில் அவர் பள்ளிகளில் கற்பிக்கத் தொடங்கினார். என் மகள் போன வருடம் பள்ளியில் கற்ற மூன்றாவது மெட்டு அதுதான். சமையலறையில் அதை வாசித்துக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கதவில் சாய்ந்து நின்று, இரண்டாம் பகுதியில் ஒரு சுரத்தைத் திருத்திவிட்டுப் போனார்.

தேநதிக்கரை

லெர்விக்வாசி, உங்கள் மகளுக்கு என் அன்பு. ஏ, ஈ, ஏ, ஈ சங்கதி இத்தனை வருடமாக எனக்கு உறைக்கவே இல்லை. இன்று ராத்திரி கட்டிப் பார்க்கிறேன்.

தம்பி, உட்காரும் முறைக்குக் கவலைப்படாதீர்கள். குயின் தெருவில் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம். ஓவியர் ரேபர்ன் வரைந்த நீல் கவ்வின் படம் அவர்களிடம் இருக்கிறது, போய்க் கேட்டுப் பாருங்கள். கட்டம் போட்ட அரைக்கால்சட்டை, நாற்காலியில் உட்கார்ந்த கோலம், பிடிலில் தாடைத்தாங்கியே கிடையாது. இன்றும் மார்பில் சாய்த்து வாசிக்கும் கிழவர்கள் இருக்கிறார்கள். சின்ன முக்காலி ஒன்றில் தாழ உட்கார்ந்து, பிடிலைத் தோளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

சொசைட்டிக்கு முதல் நாள் போகும்போது பென்சில் ஒன்று எடுத்துப் போங்கள், வில் எந்தப் பக்கம் என்று எல்லோரும் தாளில் குறிப்பார்கள். பின்வரிசையில் வயதானவர் யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் இடம் கேளுங்கள். முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கக் கூட நில்லுங்கள். மெட்டைப் பற்றிய பேச்சு அப்போதுதான் வரும்.