ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் பியூஸ் போகிறது, மோட்டாரை மாற்றவா?

வெள்ளவத்தைப் பொடியன்:
அண்ணாமாரே, ஒரு உதவி. என்னுடையது 150 சிசி பைக், செல்ஃபும் இருக்கிறது, கிக்கரும் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் ஹெட்லைட், ஹோன், சிக்னல் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. கிக்கரில் எடுத்தால் நாள் முழுக்க ஓடுகிறது. ஆனால் ஸ்டார்ட் பட்டனில் கை வைத்தவுடனேயே 15 ஆம்பியர் பியூஸ் போய்விடுகிறது. மோட்டார் அசைவதும் இல்லை, ரிலேயில் (பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச்) 'டிக்' சத்தமும் இல்லை.

கராஜில் ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்துவிட்டது, பற்றரியையும் சேர்த்து மாற்றுங்கள் என்கிறார்கள். வேலை மருதானையில். மழை நேரத்தில் கொழும்பின் காலி வீதியில் நடுவழியில் நின்றால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும்தானே. பியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிப் போடச் சொன்னார் ஒருவர். போடலாமா?

மழைப்பயணி:
பைக்கை மரைன் டிரைவ் பக்கம்தான் நிறுத்துகிறீர்களா? அப்படியென்றால் உப்புக்காற்று பட்டன் பெட்டிக்குள் போயிருக்கும். கழற்றித் துடைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ரிலேயை மாற்றுங்கள், மோட்டாரைவிட அது மலிவு.

வயரிங் கொட்டாஞ்சேனை:
தம்பி, முதலில் வெள்ளித்தாள். தயவுசெய்து போட வேண்டாம். பியூஸ் உருகாவிட்டால் வயர் உருகும். அந்த வயர் பெட்ரோல் டாங்கிக்கு அடியால்தான் போகிறது. பியூஸ் போகிறது என்றால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது மோட்டார். அதன் மேல் பழி போட இங்கே இடமே இல்லை. மோட்டாருக்கான தடித்த வயர் பற்றரியிலிருந்து ரிலேக்கும், ரிலேயிலிருந்து மோட்டாருக்கும் நேரே போகிறது. மோட்டார் சுற்றத் தொடங்கும்போது இழுக்கிற கரண்ட் 15 ஆம்பியரை எங்கேயோ தாண்டும், அந்தப் பாதையில் இந்தப் பியூஸ் இருந்தால் நல்ல பைக்கிலும் ஒவ்வொரு காலையும் போய்விடும். மோட்டார் எரிந்திருந்தால் ரிலே 'டிக்' என்று அடித்திருக்கும், லைட் மங்கியிருக்கும், பியூஸ் தப்பியிருக்கும். பற்றரியும் பாவம். பியூஸைப் போக்குகிற அளவுக்கு அதில் பலம் இருக்கிறதே!

சாவி போட்டு எவ்வளவு நேரம் இருந்தாலும் பியூஸ் நிற்கிறது. ஆகவே பட்டன் வரைக்கும் வருகிற வயர் நல்லது. அழுத்தும்போதுதான் கரண்ட் ஏறுகிற துண்டு ஒன்றுதான்: பட்டனிலிருந்து ரிலேக்குப் போகிற மெல்லிய வயர். அது எங்கேயோ பொடியில் (பற்றரியின் நெகட்டிவோடு சேர்ந்திருக்கிற இரும்புச் சட்டம்) தொடுகிறது, அல்லது ரிலேயின் கோயில், அதாவது கம்பிச் சுருள், உள்ளே ஷோர்ட். சில பைக்குகளில் பட்டன் எர்த் பக்கம், அதாவது அந்த நெகட்டிவ் பக்கம், இருக்கும். அதில் இதே வயர் உரசினால் பியூஸ் போகாது, மோட்டார் தானாகச் சுற்றும். ஆகவே வயர்தான் குற்றம் என்றால் உங்களுடையது அந்த வகை இல்லை.

மழைப்பயணி சொன்ன உப்புக்காற்றை நானும் கொழும்பில் நிறையப் பார்க்கிறேன். ஆனால் உப்பால் செம்பு பச்சை பிடித்தால் பெரும்பாலும் கரண்ட் போகாமல்தான் நிற்கும், இப்படிப் பியூஸை அடிக்காது.

ஒரு 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பும் ஹோல்டரும் எடுங்கள். பியூஸைக் கழற்றி அந்த இரண்டு முனைக்கும் நடுவில் பல்பை மாட்டுங்கள். எவ்வளவு பெரிய ஷோர்ட் என்றாலும் பல்ப் 2 ஆம்பியருக்கு மேல் விடாது, ஆகவே ஒன்றும் கருகாது. ரிலேயின் சின்ன கனெக்டரைக் கழற்றுங்கள், ஹெட்லைட்டையும் நிறுத்துங்கள். சாவி போட்டால் பல்ப் கொஞ்சம் மங்கலாக எரியலாம், அது மற்றச் சாமான்கள் இழுப்பது. இனிப் பட்டனை அழுத்துங்கள். பளிச்சென்று எரிந்தால் வயரில் ஷோர்ட். மாற்றம் இல்லை என்றால் ரிலேயின் கோயிலை மீற்றரால் அளவிடுங்கள். சில ஓம் காட்ட வேண்டும், கிட்டத்தட்ட பூச்சியம் என்றால் அதுதான் ஆள்.

வயர்தான் என்றால் பட்டனை அழுத்தியபடியே ஹாண்டிலை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள், வயர் கட்டை அங்கங்கே அசையுங்கள். பல்ப் மங்குகிற இடத்தில் கையை எடுக்காதீர்கள்.

வெள்ளவத்தைப் பொடியன்:
அண்ணை, பல்ப் பளிச்சென்று எரிந்தது! ஹாண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் மங்குகிறது, நேரே வந்தால் திரும்ப எரிகிறது. ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தேன். கழுத்துப் பக்கம் வயர் கட்டை ஒரு பிளாஸ்டிக் டையால் இறுக்கியிருக்கிறார்கள், அலாரம் பூட்டியபோது செய்த வேலை. டைக்குக் கீழே ஒரு வயரின் தோல் உரிந்து, செம்பு தெரிய, பிரேம் விளிம்பில் பெயின்ட் போய் மினுங்குகிறது. டேப் சுற்றினால் போதுமா?

வயரிங் கொட்டாஞ்சேனை:
போதாது. ஹாண்டில் திரும்பத் திரும்ப டேப் நழுவும், மழையில் பசையும் விட்டுவிடும். செம்பு இழைகள் அறுந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி, அதே தடிப்பு வயரைச் சேர்த்து ஈயம் வையுங்கள். வெட்டியவுடனேயே, சூட்டில் சுருங்குகிற ஸ்லீவை வயரில் கோர்த்துவிடுங்கள், ஈயம் வைத்தபின் அது உள்ளே போகாது. இணைப்பு கழுத்து வளைவில் வராமல் கொஞ்சம் தள்ளி வரட்டும். வயர், ஸ்லீவ் எல்லாம் பஞ்சிகாவத்தையில் எடுக்கலாம். டையைத் தளர்வாகப் போட்டு, ஹாண்டிலை இரண்டு முனைக்கும் திருப்பி வயர் இழுபடாததைப் பார்த்தபின்தான் ஹெட்லைட்டை மூடுங்கள். கடைசியாக ரிலேயை மாட்டி, பல்பைக் கழற்றி, 15 ஆம்பியர் பியூஸையே போடுங்கள், 20 வேண்டாம்.

வெள்ளவத்தைப் பொடியன்:
செய்துவிட்டேன் அண்ணை. முதல் அழுத்தத்திலேயே பிடித்தது, பியூஸ் நிற்கிறது. மோட்டாருக்கு வைத்த காசு கையில் மிச்சம், கோடி நன்றி.