மொறிஸ் மைனர் உடலின் கறளைச் சாண்ட் பிளாஸ்டிங் மூலம் அகற்றும்போது மணல் அடைத்துக்கொள்கிறது: ஆலோசனை தேவை

கேட்பவர், உப்புவெளி

வணக்கம். வீட்டுக் கராஜில் மொறிஸ் மைனர் கார் ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கடற்காற்று பட்டுக் கதவுகளுக்குக் கீழுள்ள பக்கச் சில்களும், முன் தளமும், பின் வில்லுத்தகடு (ஸ்பிரிங்) பொருந்தும் இடங்களும் கறள் பிடித்துப் பொருக்காகக் கழன்று வருகின்றன. கம்பித் தூரிகை எட்டாத மூலைகளுக்காகச் காற்றழுத்தத்தால் மணலைப் பீச்சியடிக்கும் சிறிய பிளாஸ்டிங் பானை ஒன்றை வாங்கி, என்னிடமிருந்த 3 குதிரைவலுக் கொம்பிரசருடன் இணைத்துக் காணெற் (garnet) என்ற கடினமான கல்லின் மணலைப் பயன்படுத்துகிறேன்.

தொடங்கிச் சற்று நேரத்திலேயே அழுத்தமானியின் முள் சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தலிலிருந்து 40க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதன்பின் மணல் விட்டுவிட்டுத் துப்பி, முற்றாக நின்றுவிடுகிறது. மணல் வெளிவரும் நொசிலைக் கழற்றிப் பார்த்தால் மணல் ஈரச் சீனிபோலக் கட்டிபட்டிருக்கிறது. கொம்பிரசரை மாற்றத்தான் வேண்டுமா? காணெற் விலை கூடியதாக இருப்பதால் இங்குள்ள கடற்கரை மணலை அரித்துப் பயன்படுத்தலாமா? பொனெற்றையும் கூரையையும் இதே முறையில் சுத்தம் செய்யலாமா?

பதில், ரிங்கரிங் வேலை செய்பவர்

தம்பி, இங்கே இரண்டு குறைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. முதலாவது காற்றின் அளவு. 3 குதிரைவலுக் கொம்பிரசர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 கன அடி காற்றைத்தான் தரும். ஆனால் 3 மில்லிமீற்றர் நொசில் 90 இறாத்தல் அழுத்தத்தில் ஏறத்தாழ 18 கன அடியையும், 5 மில்லிமீற்றர் நொசில் 40 கன அடியையும் கேட்கும். நொசில் தேயத் தேயத் துவாரம் பெரிதாவதால், நேற்றுப் போதுமாக இருந்த காற்று இன்று போதாமற் போகும். ஆகவே கொம்பிரசரை மாற்றுவதற்கு முன், 2.5 மில்லிமீற்றர் நொசிலைப் பூட்டி, அழுத்தத்தை 60 இறாத்தலாகக் குறைத்துப் பாருங்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும்; ஆனால் இடைவிடாமல் நடக்கும்.

இரண்டாவது ஈரம். உங்கள் நீர்பிரிப்பான் எந்த இடத்தில் பூட்டப்பட்டுள்ளது?

கேட்பவர், உப்புவெளி

கொம்பிரசர்த் தாங்கியின் வாயிலேயே பூட்டியிருக்கிறேன், அண்ணா. நொசிலையும் அளந்து பார்த்தேன். துவாரம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றருக்குத் தேய்ந்திருக்கிறது.

பதில், ரிங்கரிங் வேலை செய்பவர்

நீர்பிரிப்பான் தாங்கியின் வாயில் இருப்பதுதான் ஈரத்துக்குக் காரணம். அமுக்கப்படும் காற்று சூடேறுகிறது. சூடான காற்றில் நீர் ஆவியாகவே இருப்பதால் பிரிப்பானைத் தாண்டிச் சென்று, குழாயில் குளிர்ந்த பின்னரே துளியாகி மணலில் இறங்குகிறது. நமது கடலோரக் காற்றில் ஈரப்பதன் எப்போதும் அதிகம் என்பதால் இந்தத் தொல்லை இங்கே இரட்டிப்பாகும். தாங்கியிலிருந்து சுமார் 10 மீற்றர் இரும்புக் குழாயைச் சுவரில் ஏற்றி இறக்கிப் பொருத்தி, தாழ்ந்த முனையில் வடிகால் வால்வு ஒன்றை வைத்து, நீர்பிரிப்பானைப் பானைக்கு முன்னால், குழாயின் கடைசியில் பூட்டுங்கள். பீ.வீ.சீ. குழாயை எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம். அழுத்தத்தில் அது வெடித்துச் சிதறும். காணெற்றைத் தகரத்தில் பரப்பிக் கச்சான் காற்றிலும் வெயிலிலும் காயவைத்து, அரித்த பின்னரே பானையில் இடுங்கள். மாரி தொடங்கிவிட்டால் இந்த வேலையை ஒத்திவைப்பதே நல்லது.

பதில், தொழிற்பாதுகாப்புத் துறையில் பணியாற்றியவர்

கடற்கரை மணலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தயவுசெய்து அதைத் தொட வேண்டாம். குவார்ட்ஸ் மணல் உலோகத்தில் மோதி நொறுங்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசி எழுந்து நுரையீரலின் ஆழத்தில் படிகிறது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு மீட்சி இல்லை. பிரித்தானியா வார்ப்புப் பொருட்களைச் சுத்தம் செய்வதற்கு மணலைப் பயன்படுத்துவதை 1949 ஆம் ஆண்டின் விதிகளாலேயே தடைசெய்தது. அத்துடன் கடல் மணலின் உப்பு தகட்டின் குழிகளில் பதிந்து, பெயின்றுக்கு அடியில் மீண்டும் கறளை வளர்க்கும். புல்மோட்டைக் கரிய மணலையும் அள்ளிவரச் சிலர் சொல்வார்கள். அதில் இல்மனைற் என்ற கனிமத்துடன், கதிர்வீச்சுள்ள தோரியம் கொண்ட மொனசைற்றும் கலந்திருப்பதால் அதன் தூசியையும் சுவாசிக்கக் கூடாது.

காணெற் பயன்படுத்தினாலும், பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். துணி முகக்கவசம் போதாது. முழு முகத்தையும் மூடி, சுத்தமான காற்று ஊட்டப்படும் தலைக்கவசம் வேண்டும். எண்ணெய் இட்டு ஓடும் உங்கள் கொம்பிரசரின் காற்றை வடிகட்டாமல் அதற்குக் கொடுக்க வேண்டாம். கராஜைத் தறப்பாளால் மூடி, பிள்ளைகளை வளவின் அந்தப் பக்கமே வரவிடாதீர்கள்.

பதில், ரிங்கரிங் வேலை செய்பவர்

ஐயா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். பொனெற்றையும் கூரையையும் பிளாஸ்ட் செய்ய வேண்டாம். மணல் துகள்கள் தகட்டின் ஒரு முகத்தை மட்டும் ஓயாமல் அடித்து விரிப்பதால் அகன்ற தகடு வளைந்து அலைபோலாகிவிடும். அதைத் தட்டி நிமிர்த்துவது பெரும்பாடு. அவற்றுக்குப் பெயின்ற் நீக்கியும் உரசுத்தாளும் போதும். சில், வில்லுத்தகட்டுப் பிடிமானம் போன்ற தடித்த, மடிந்த பகுதிகளுக்கே பானையை வைத்துக்கொள்ளுங்கள். மைனருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாததால் அந்தப் பகுதிகளே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. கறள் போனபின் அங்கே ஓட்டை தெரிந்தால் பட்டி போட்டு மறைக்காமல், வெட்டிப் புதிய தகட்டை வெல்டிங் செய்து ஒட்ட வேண்டும்.

கேட்பவர், உப்புவெளி

மிக்க நன்றி அண்ணா, ஐயா. சுத்தம் செய்த தகட்டை அடுத்த நாள்வரை வைத்திருக்கலாமா?

பதில், ரிங்கரிங் வேலை செய்பவர்

கூடாது. சில மணித்தியாலங்களிலேயே செம்மஞ்சள் படை ஏறத் தொடங்கிவிடும். காலையில் ஒரு பகுதியை மட்டும் அடித்து, பக்கச் சில்களின் உள்ளே தங்கிய மணலைக் காற்றால் ஊதி வெளியேற்றி, வெறுங்கை படாமல் துடைத்து, அன்றே எப்பொக்சி பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள். குழிகளில் உப்பு இருப்பதாகத் தோன்றினால் நல்ல தண்ணீரால் கழுவி, உடனே உலர்த்தி, இன்னொருமுறை இலேசாக அடித்த பின்னர் பிரைமரைத் தொடங்குங்கள். கிணற்று நீர் சவராக இருந்தால் அதைப் பாவிக்க வேண்டாம்.