பழைய சிறுகதைகளை வைத்துச் சொல் கற்க வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். வேளச்சேரியில் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளின் தமிழ்ச் சொல்வளம் கூடட்டும் என்று புதுமைப்பித்தன் கதைகளைச் சேர்ந்து படிக்கிறோம். முதலில் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் கதை தொடங்குவது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. திருவல்லிக்கேணிக்கு டிராமில் போகலாம் என்று ஒரு பேச்சு வரும். சென்னையில் 1953 வரை டிராம் ஓடியதைச் சொன்னதும் கேள்வி மேல் கேள்வி! இப்படித் தெரிந்த ஊரோடு ஒட்டி வரும் சொல் மறப்பதே இல்லை.

நெல்லைப் பேச்சு வரும் கதைகளில்தான் திணறுகிறோம். க்ரியா அகராதி வைத்திருக்கிறோம். இன்றைய எழுத்துத் தமிழுக்கு அதைவிட நல்ல துணை இல்லை, ஆனால் வட்டாரச் சொல் எல்லாம் அதில் கிடைக்காது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியை இணையத்தில் தேடலாம், சரி. அங்கே ஒரு சொல்லுக்குப் பல பொருள் அடுக்கி வருகிறது. கதைக்கு எது பொருந்தும் என்று அவளால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்கு அகராதி கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்கானது. தாமிரபரணிக் கரைப் பேச்சுக்கு அப்படி ஏதாவது உண்டா? நெல்லைக்காரர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அப்புறம், சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைக்க எனக்கு மனமில்லை. அது கதையையே கெடுத்துவிடும். பிள்ளைகளோடு வாசிப்பவர்கள் புதுச் சொற்களை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்? அடுத்து கு. அழகிரிசாமி கதைகளா, கு.ப. ராஜகோபாலன் கதைகளா? கோட்டூர்புரம் நூலகத்தில் ஞாயிறுகளில் சேர்ந்து வாசிக்க விருப்பமுள்ள பெற்றோரும் எழுதுங்கள்.