ஏத்தன் வாழைக்குள்ள லோரா சிக்னல் செத்துப்போகுது, உதவி தேவை

ஏத்தன்விளை: களக்காடு பக்கம், செவல் மண், சொட்டுநீர். நாலு லோரா நோட் (மண் ஈரத்தை அளந்து ரேடியோவுல அனுப்புற பெட்டி): 866 மெகாஹெர்ட்ஸ், எஸ்எஃப்7 (இந்த எண் கூடினா தூரம் கூடும், வேகம் குறையும்). ரிசீவர் பம்புசெட் ரூம்ல, அதிக தூரம் 350 மீட்டர். கன்னு சின்னதா இருக்கும்போது நாலும் ஒழுங்கா வந்துச்சு. இப்ப ஏழாம் மாசம்; 3, 4 ரெண்டும் விட்டுவிட்டு வருது, மழை பெஞ்சா சுத்தமா இல்ல. பேட்டரி 3.9 வோல்ட், ஆர்எஸ்எஸ்ஐ (வர்ற சிக்னலோட பலம், மைனஸ் கூடக்கூட பலம் குறைவு) -120. நோட் 2 வேற கதை: தண்ணி நிறுத்தி நாலு நாளாகியும் ‘ஈரம்’னே காட்டுது. விலை குறைஞ்ச கெப்பாசிட்டிவ் சென்சார் (மண்ணுல குத்தி வைக்கிற போர்டு).

பம்புசெட்: ஆண்டெனா எவ்வளவு உயரம் அண்ணாச்சி?

ஏத்தன்விளை: மூணடி. பெட்டியிலயே இருக்கு.

பம்புசெட்: அதான் விஷயம். வாழை இலையும் தண்டும் தண்ணி மூட்டை. எஸ்எஃப்7-ல ரிசீவரோட எல்லையே -123 வாக்குலதான். -120-ல தொங்கினா இலை நனைஞ்சதும் அறுந்துரும். 15 அடி ஜிஐ பைப் நட்டு, பெட்டியையே இலைக்கு மேல கட்டி, சென்சார் வயரைக் கீழ இறக்குங்க. பெட்டியைக் கீழயே விட்டு மெலிசான ஆண்டெனா கேபிளை நீட்டினா, கிடைச்ச லாபத்தைக் கேபிளே தின்னுரும். ஆண்டெனா பைப்போட ஒட்டி நிக்காம, முனைக்கு மேல நீட்டி நிக்கணும். ஆடிக்காத்துக்கு மூணு பக்கம் கம்பி இழுத்துக் கட்டிருங்க.

பத்தலேன்னா எஸ்எஃப்9. ஒரு படிக்குச் சுமார் 2.5 டெசிபல் கிடைக்கும், அனுப்புற நேரம் கிட்டத்தட்ட ரெட்டிக்கும். ரிசீவர்லயும் மாத்துங்க, இல்லேன்னா நாலுமே போயிரும்.

கரிசல்வயர்: நோட் 2-ஐப் பிடுங்கித் துடைச்சு காத்துல பிடிச்சுப் பாருங்க. அப்பவும் ஈரம்னா போர்டு விளிம்பு வழியா தண்ணி இறங்கிருக்கு. வெட்டின விளிம்புல பூச்சு கிடையாது. ரெண்டு நாள் நிழல்ல காயவச்சு, விளிம்பு சுத்தி எபாக்சி ரெண்டு கோட்டு, ஐசி (சிப்) பக்கம் ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினா சுருங்கி இறுக்குற குழாய்). காத்துல சரியா காட்டினா, சமீபத்துல சொட்டுநீர்ல பொட்டாஷ் விட்டீங்களான்னு யோசிங்க. உப்பு ஏறினா இந்த ரகம் ஈரத்தைக் கூட்டித்தான் காட்டும்.

ஏத்தன்விளை: காத்துலயும் ஈரம்தான். எபாக்சி போட்டுப் பாக்கேன். எந்த ரீடிங்ல மோட்டாரைப் போட?

கரிசல்வயர்: அடுத்த தோட்டத்து நம்பர் உதவாது. மூட்டுல நல்லா நிறைய தண்ணி விட்டு, மறுநாள் வர்ற ரீடிங்தான் செவலுக்கு ‘நிறை’. கரிசல்னா ரெண்டு மூணு நாள் ஆகும். சென்சாரை டிரிப்பருக்கு ஒரு ஜாண் தள்ளி வைங்க, 20 செ.மீ. ஆழத்துல ஒண்ணு, 40-ல ஒண்ணு. மேல உள்ளது காஞ்சா தண்ணி திறக்கணும், கீழ உள்ளது அசைய ஆரம்பிச்சா நிறுத்தணும்.

மோட்டார் ஸ்டார்ட்டரை இதோட இணைக்கும் முன்னாடி ஒண்ணு: நோட் ஒரு மணி நேரம் பேசலேன்னா மோட்டார் நிக்கிற மாதிரி முதல்ல புரோகிராம் எழுதுங்க. இல்லேன்னா கடைசியா வந்த ‘காஞ்சிருக்கு’வை நம்பி, கரண்டு இருக்கிற வரைக்கும் ஓடும்.

ஏத்தன்விளை: பைப் நட்டாச்சு. 4-வது -106. 3-வது இன்னும் -117.

பம்புசெட்: ரிசீவர் ஆண்டெனா ரூமுக்குள்ளயா? கூரை என்ன?

ஏத்தன்விளை: உள்ளதான். தகரம்.

பம்புசெட்: தகரம் சிக்னலைத் தடுக்கும். அந்த ஆண்டெனாவையும் வெளிய ஏத்துங்க அண்ணாச்சி.