பத்தில் ஒரு பங்கு விலைக்கு ஒரு மடிக்கணினி: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

தம்பி: அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆலோசனை வேண்டும். நான் நெடுநாளாக வாங்க நினைத்திருந்த மடிக்கணினி ஓர் இணையக் கடையில் இன்று காலையிலிருந்து வழக்கமான விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. தள்ளுபடி என்ற குறிப்பு அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. கோடிட்டு அடித்த பழைய விலையும் இல்லை. ஒன்றை ஆர்டர் செய்து பணம் கட்டிவிட்டேன், உறுதிப்படுத்தும் மின்னஞ்சலும் வந்துவிட்டது. விலை மாறுவதற்குள் இன்னும் ஒன்பது வாங்கி விற்றுவிடலாம் என்று நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா?

சித்தப்பா: தாராளமாக வாங்கு. விலையைப் போட்டவர்கள் அவர்கள், பணத்தைப் பெற்றுக்கொண்டவர்களும் அவர்கள். நாம் தவறான முகவரியைக் கொடுத்துவிட்டால் அந்த இழப்பை எந்தக் கடையாவது தன் தலையில் ஏற்றுக்கொள்கிறதா? அவர்களுடைய கவனக்குறைவுக்கு மட்டும் நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

அக்கா: அதற்கு முன்பு ஒரு கேள்வி. விற்பவர் யார் என்று பார்த்தாயா? பெரிய தளங்களில்கூடப் பொருளை விற்பது பல நேரங்களில் வேறொரு சிறு நிறுவனமாக இருக்கும். நம்ப முடியாத விலையைக் காட்டிப் பணத்தையும் அட்டை எண்ணையும் பறிப்பவர்கள் மிகப் பலர். கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, முந்தைய வாடிக்கையாளர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொல்கிறார்களா என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் இது விலைப் பிழையா இல்லையா என்ற பேச்சுக்கே நாம் வர முடியும்.

தம்பி: பார்த்தேன் அக்கா. பல ஆண்டுகளாக நடக்கும் கடை, தன் சொந்தத் தளத்தில் தானே விற்கிறது. பணத்தையும் கிரெடிட் கார்டில்தான் கட்டினேன்.

பெரியப்பா: அப்படியானால் மோசடி என்ற ஐயத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசுவோம். தம்பி, ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல். பணம் கட்டும் பொத்தானை அழுத்தியபோது அந்த விலையைப் பற்றி உன் மனத்தில் என்ன இருந்தது?

தம்பி: ஒரு பூச்சியம் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன், பெரியப்பா. வேறு நான்கு கடைகளின் விலையோடு ஒப்பிட்டும் பார்த்தேன்.

பெரியப்பா: நீ இப்போது எழுதிய இந்த இரண்டு வாக்கியங்களுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை ஒரு வழக்கைச் சொன்னால் புரிந்துகொள்வாய். 2003ஆம் ஆண்டு ஜனவரியில் சிங்கப்பூரில் 3,854 டாலர் மதிப்புள்ள ஹெச்பி லேசர் அச்சுப்பொறி ஒன்று இணையத்தில் 66 டாலர் என்று தவறுதலாக ஏறிவிட்டது. செய்தி நண்பர்களுக்குள் நள்ளிரவில் பரவியது. அவர்களில் 6 பேர் மட்டுமே சேர்ந்து 1,606 அச்சுப்பொறிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். தானியங்கி உறுதி மின்னஞ்சல்கள் அவர்களுக்கும் வந்தன. நிறுவனம் தர மறுத்தபோது வழக்குத் தொடர்ந்தார்கள், 2004இல் தோற்றார்கள், மேல்முறையீட்டில் 2005இலும் தோற்றார்கள். விலை பிழையானது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்ற முடிவுக்கு நீதிமன்றம் வர உதவியவற்றில், அந்த இரவில் அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட அரட்டைச் செய்திகளும், உண்மையான விலை என்ன என்று அவர்கள் இணையத்தில் தேடிப் பார்த்ததும் அடங்கும். தன்னியக்க முறையில் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. எதிரில் இருப்பவர் தவறுகிறார் என்று அறிந்தே அந்தத் தவறைப் பற்றிக்கொள்பவருக்கு ஒப்பந்தம் துணைநிற்காது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

சித்தப்பா: அண்ணா, ஆயிரக்கணக்கில் வாங்கியவர்களையும் ஒன்று வாங்கிய பையனையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

பெரியப்பா: வைக்கவில்லை. ஒன்று வாங்குவது வேறு, பத்து வாங்கி விற்பது வேறு என்றுதான் நானும் சொல்ல வருகிறேன். ஆனால் அளவு குறைந்தால் சட்டம் முழுவதுமாக நம் பக்கம் வந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். ஜெர்மனியில் 2,650 யூரோ விலையுள்ள ஒரே ஒரு மடிக்கணினி, மென்பொருள் தரவைக் கடத்தியபோது நேர்ந்த கோளாறால் 245 யூரோ என்று தளத்தில் தோன்றியது. ஒருவர் வாங்கினார், கடை அதை வீட்டுக்கே அனுப்பியும்விட்டது. பிழை தெரிந்ததும் விற்றவர் ஒப்பந்தத்தை விலக்கிக்கொண்டு பொருளைத் திருப்பிக் கேட்டார். 2005இல் அந்நாட்டின் உச்ச நிலை சிவில் நீதிமன்றம், அவர் அப்படி விலக்கிக்கொண்டது செல்லும் என்று கூறியது. ஆகவே பொருள் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணமும் எல்லா நாடுகளிலும் சரியாகாது.

தம்பி: அப்படியானால் உறுதி மின்னஞ்சலுக்கு என்னதான் பொருள்?

நான்: அந்தக் கடையின் விதிமுறைப் பக்கத்தை இப்போது படித்தேன். ஆர்டர் வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகைதான் அந்த மின்னஞ்சல் என்றும், பொருளை அனுப்பிவைக்கும்போதுதான் விற்பனை ஒப்பந்தம் உருவாகிறது என்றும், விலைப் பிழை இருந்தால் ரத்து செய்யும் உரிமை தங்களுக்கு உண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான இணையக் கடைகளின் விதிகள் இப்படித்தான் இருக்கின்றன.

பெரியப்பா: இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. கடையின் அடுக்கில் விலையோடு வைக்கப்பட்ட பொருள், வாங்க வருமாறு விடுக்கும் அழைப்பு மட்டுமே, அதுவே விற்பனை ஆகிவிடாது என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1953இல் ஒரு மருந்துக்கடை வழக்கில் சொன்னது. அந்தச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இணையக் கடையின் பக்கத்தையும் பொதுவாக அப்படித்தான் பார்க்கிறார்கள்.

சித்தப்பா: நல்லது, ஆனால் மறுபக்கத்தையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். 2002இல் பிரிட்டனில் கோடாக் நிறுவனம் 329 பவுண்ட் மதிப்புள்ள கேமராவைப் பிழையாக 100 பவுண்டுக்கு விளம்பரப்படுத்தியது. முதலில் தர மறுத்து, வாடிக்கையாளர்களின் எதிர்ப்புக்குப் பின் அதே விலைக்குக் கொடுத்தது. 2019 புத்தாண்டு சமயத்தில் கேத்தே பசிபிக் விமான நிறுவனம் வியட்நாமிலிருந்து நியூயார்க் செல்லும் உயர்வகுப்புப் பயணச்சீட்டுகளை மிகச் சிறு தொகைக்கு விற்றுவிட்டு, அவை செல்லும் என்று தானே அறிவித்தது. பிழை என்று எண்ணி வாங்காமலேயே விட்டிருந்தால் அந்தப் பயணிகளுக்கு அது கிடைத்திருக்குமா? நிறுவனங்கள் திருவிழா விற்பனையில் நட்டத்துக்கே கொடுப்பதும், பழைய மாடலைக் கழித்துக்கட்டுவதும் நாம் அன்றாடம் பார்ப்பவைதான். எது சலுகை, எது பிழை என்று கண்டுபிடித்துச் சொல்வது வாங்குபவரின் வேலை இல்லை.

பெரியப்பா: நீ சொல்வதில் நியாயம் உண்டு. பாதி விலை என்றால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான்கூட நல்லெண்ணத்தோடு வாங்கியிருப்பேன். பழைய சரக்கைத் தீர்க்கும் விற்பனை என்ற அறிவிப்போடு பத்தில் ஒரு பங்கு விலை இருந்தாலும் நம்புவதற்கு இடமுண்டு. இங்கே அறிவிப்பு இல்லை, வேறு கடைகளில் விலை குறையவில்லை, அதே கடையின் மற்ற மாடல்களும் பழைய விலையிலேயே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பூச்சியம் விட்டுப்போயிருக்கிறது என்று வாங்கியவனே சொல்கிறான்.

அத்தை: நானும் இணையத்தில் சிறு அளவில் விற்பவள் என்பதால் விலைப் பக்கத்துக்குப் பின்னால் நடப்பதைச் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கணக்கான பொருள்களின் விலையை ஒரு விரிதாளில் எழுதி மொத்தமாக ஏற்றுகிறோம். ஒரு நெடுவரிசை ஒரு கட்டம் நகர்ந்துவிட்டாலோ, ஒரு தசமப் புள்ளி இடம் மாறினாலோ அத்தனை விலைகளும் ஒரே நொடியில் தவறாகிவிடும். போட்டியாளரைப் பார்த்துத் தானாக விலையைக் குறைக்கும் மென்பொருள்களும் உண்டு. அவற்றுக்குக் கீழ்வரம்பு வைக்க மறந்தவர் நிலை பரிதாபம். 2014 டிசம்பரில் பிரிட்டனின் அமேசான் தளத்தில் அப்படிப்பட்ட ஒரு மென்பொருள் பழுதாகி, பல சிறு வணிகர்களின் பொருள்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தலா 1 பென்னிக்கு விற்பனையாயின. பெரும்பாலான ஆர்டர்களைத் தளம் ரத்து செய்தது என்றாலும், கிடங்கிலிருந்து உடனே புறப்பட்டுவிட்டவற்றின் நட்டம் அந்தக் குடும்பங்களின் தலையில்தான் விழுந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்காக அவர்கள் கடன் வாங்கிச் சேர்த்துவைத்த சரக்காகவும் அது இருந்திருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. சின்னண்ணன் நிறுவனம், நிறுவனம் என்கிறார். விலையை ஏற்றிய ஊழியர் ஒருவர் அங்கே இருக்கிறார். மேலாளருக்கு நாளை பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

சித்தப்பா: தங்கை சொல்லும் வணிகர்களின் நிலை எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒன்பது மடிக்கணினியை வாங்கி விற்கும் யோசனையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே போட்ட ஒன்றை இவனாக ரத்து செய்ய வேண்டும் என்று சொன்னால் ஒப்ப மாட்டேன். முடிவெடுக்கும் வாய்ப்பு கடைக்கு இருக்கட்டும்.

அத்தை: அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் பிழை அவர்கள் கண்ணில் பட வேண்டும் அல்லவா? கண்ணா, வாடிக்கையாளர் சேவைக்கு நீயே எழுது. இந்த விலை சரியானதா, பிழையா என்று கேள். சரி என்றால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறேன், பிழை என்றால் ரத்து செய்துவிடுங்கள் என்று சொல். என் கடையில் இப்படியொரு பிழை நேர்ந்து, யாராவது ஒருவர் முதல் அரை மணி நேரத்துக்குள் எனக்கு இப்படி எழுதினால் நான் வாழ்நாள் முழுவதும் அவரை மறக்க மாட்டேன்.

தம்பி: சலுகை தேடும் குழுக்களில், இப்படி விலை கண்டால் கடைக்குத் தொலைபேசியில் அழைக்கவே கூடாது, அழைத்தால் அந்த விலை எல்லோருக்கும் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள், அத்தை.

பெரியப்பா: அழைத்தால் போய்விடும் என்ற அச்சமே, அந்த விலை பிழை என்று அத்தனை பேருக்கும் தெரியும் என்பதைக் காட்டுகிறது.

அக்கா: எழுதுவதோ காத்திருப்பதோ உன் முடிவு. அதற்கிடையில் நடைமுறையில் சிலவற்றைக் கவனித்துக்கொள். பொருள் கைக்கு வரும்வரை உன் பழைய கணினியை யாருக்கும் கொடுத்துவிடாதே. புதியதற்கென்று உறையோ கூடுதல் நினைவகமோ வாங்காதே. விமானக் கட்டணப் பிழைகளில் பலர் இப்படித்தான் சிக்கிக்கொள்கிறார்கள்: சீட்டு உறுதியாகும் முன்பே பணம் திரும்பக் கிடைக்காத விடுதி அறையைப் பதிவு செய்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் விமான நிறுவனம் பிழையான கட்டணச் சீட்டை ரத்து செய்தால், அதை நம்பிப் பயணி செய்த நியாயமான செலவுகளையும் திருப்பித் தர வேண்டும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2015இல் அறிவித்தது. அப்படியொரு பாதுகாப்பு எல்லா இடத்திலும் எல்லாப் பொருளுக்கும் கிடையாது.

நான்: ரத்து செய்தால் பணம் எப்படித் திரும்பும், அக்கா?

அக்கா: சில கடைகள் பொருளை அனுப்பும் வரை அட்டையில் தொகையைப் பிடித்துவைக்க மட்டுமே செய்யும், அப்படியென்றால் அந்தப் பிடிப்பு விலகிவிடும். எடுத்தேவிட்டார்கள் என்றால் அதே அட்டைக்கு முழுத் தொகையும் திரும்ப வேண்டும். அதற்குப் பதிலாக அந்தக் கடையிலேயே செலவழிக்கும் கூப்பனைத் தருகிறோம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

தம்பி: எழுதிவிட்டேன். இதைத்தான் அனுப்பினேன்: “இன்று காலை உங்கள் தளத்தில் இந்த மடிக்கணினி ஒன்றை வாங்கியுள்ளேன். பிற கடைகளின் விலையோடு ஒப்பிடும்போது இது பிழையாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் குறித்த விலை இதுதான் என்றால் பொருளை அனுப்பிவையுங்கள். பிழை என்றால் ஆர்டரை ரத்து செய்து தொகையை என் அட்டைக்கே திருப்பி அனுப்புங்கள்.” நண்பரிடமும் நான் இதில் சேரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அத்தை: நன்றாக எழுதியிருக்கிறாய், கண்ணா.

சித்தப்பா: அவர்கள் அனுப்பிவைத்தால் யாரும் அவனைக் குறை சொல்லக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பெரியப்பா: சொல்ல மாட்டோம். கேட்டுவிட்டு வாங்கியது அவனுடையது. தம்பி, அவர்கள் பக்கத்தைத் திருத்துவதற்குள் விலையும் தேதியும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆர்டர் எண்ணோடும் இந்த மின்னஞ்சலோடும் ஒரே இடத்தில் சேமித்துவை. பதில் வந்ததும் இங்கே தெரிவி.