கோட்டு இல்லாமல் வந்த வீரர்: உங்களுக்கும் இப்படி அனுபவம் உண்டா?

2005 அக்டோபரில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. வீரர்களுக்கு ஆடை விதியை அறிவித்தபோது நான் அமெரிக்காவில் மாணவன். கூடைப்பந்து அரங்கம் ஒன்றில், வீரர்கள் நுழையும் வாசலில் பகுதிநேரக் காவல் வேலை. டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, தொப்பி, வெளியே தொங்கும் சங்கிலி எதுவும் கூடாது. காயம்பட்டு ஆடாமல் பெஞ்சில் உட்காருபவர் கோட்டு போட்டே ஆகணும்.

ஒருநாள் முட்டியில் கட்டோடு ஒருத்தர் வந்தார். சட்டை சரி, பேன்ட் சரி, கோட்டை மட்டும் ஓட்டலிலேயே விட்டுவிட்டார். ஏழடிக்கு ஓரிரு அங்குலம்தான் குறைவு. அந்த அளவில் யாரிடம் போய் இரவல் கேட்பது? அணி ஊழியர் ஒருவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். முழங்கையைத் தாண்டியதும் துணி தீர்ந்துபோச்சு. கடைசியில் தோளில் போர்த்திக்கொண்டு, பொன்னாடை வாங்கியவர் கணக்காக நடந்து போனார்.

*

உங்கள் பதிவைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனால் சங்கிலி விஷயம் சிரிப்பில்லை. 2004 நவம்பரில் பேசர்ஸ்–பிஸ்டன்ஸ் ஆட்டத்தில் வீரர்களும் ரசிகர்களும் அடித்துக்கொண்டதில் லீக் பேரே கெட்டுக் கிடந்தது. அடுத்த ஆண்டே லீக் தலைவர் டேவிட் ஸ்டெர்னின் இந்த விதி. அது கறுப்பின இளைஞர்களையே குறிவைக்கிறது என்றார் பேசர்ஸ் வீரர் ஸ்டீபன் ஜாக்சன். அந்தக் கைகலப்பில் அவரும் இருந்தவர்தான். அதற்காக அவர் சொன்னது தப்பாகிவிடாது.

எங்கள் கல்லூரி அணிப் பயிற்சியாளரும் அந்த விதியையே காப்பியடித்தார். கூட ஆடிய பையன் சங்கிலியைக் கழற்றவில்லை, காலர் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டான். தொண்டைக்குக் கீழே நெல்லிக்காய் மாதிரி புடைத்துத் தெரியும். பயிற்சியாளர் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

*

நானும் அப்போது அமெரிக்காவில்தான், ஒரு தையல்கடையில் கணக்கெழுதும் வேலை. வீரர் ஒருவர் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். முதலாளி ஸ்டூல் மேல் ஏறித்தான் தோளை அளந்தார். துணி சாம்பல் நிறம், அடக்க ஒடுக்கம். உள் லைனிங் மட்டும் ரத்தச் சிவப்பில் பெரிய பெரிய பூ! "லைனிங் பற்றி விதியில் ஒன்றுமில்லையே" என்றார். பின்னாளில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் போன்ற என்.பி.ஏ. வீரர்கள் அரங்கத்துக்குள் நடந்து வரும் வழியையே ஃபேஷன் மேடையாக்கியபோது எனக்கு அந்தப் பூதான் ஞாபகம் வந்தது.

முதல் பதிவு போட்டவரே, அந்த ஊழியருக்குக் கோட்டு திரும்பக் கிடைத்ததா?

*

கிடைத்தது. முதலில் கையை நுழைத்துப் பார்த்தாரே, அதில் அக்குள் தையல் விட்டிருந்தது.